வெறுங்காலும் பத்து மில்லி விநாடியும்

மைசூரு மகாராஜா கல்லூரி மைதானம். காலை ஏழு மணி இருக்கும். மார்கழிப் பனி புல்நுனியை விட்டு முழுதாக இறங்கவில்லை. ஃபுட்பால் பயிற்சி முடிந்து பையன்கள் பூட்ஸைக் கழற்றி, நாடாவை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான்கைந்து பேருக்கு மட்டும் போக மனமில்லை. வெறுங்காலோடு வட்டமாக நின்று, பந்தைத் தரையில் விழவிடாமல் ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒல்லியான ஒரு பையன், தலைக்கு மேலிருந்து இறங்கிய பந்தைப் புறங்காலில் வாங்கினான். ஏந்தினான் என்பதுதான் சரி. பந்து துள்ளவே இல்லை. அவன் காலிலேயே அடங்கிவிட்டது. சற்று முன் பூட்ஸோடு ஆடியபோது அதே காலில் பட்டு அதே பந்து இரண்டு முறை எகிறிப் போனதை நான் பார்த்திருந்தேன்.

தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தவனிடம் அதைக் கேட்டேன். கன்னடத்தில் சொன்னான்: "வெறுங்காலுன்னா பந்தைப் பார்க்க வேண்டியதில்ல சார். காலுக்கே தெரிஞ்சிடும்."

காலுக்கு அப்படி என்ன தெரியும்? இந்தக் கேள்வியோடு முக்கால் நூற்றாண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது.

மைசூர் என்ற பெயர் அந்த நாளில் இந்த ஊரை மட்டும் குறிக்கவில்லை, ஒரு ராஜ்ஜியத்தையே குறித்தது. சந்தோஷ் கோப்பை என்னும் தேசியப் போட்டியில் மைசூர் அணி 1946-47இல் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. பிறகு 1952-53, 1967-68, 1968-69 என்று இன்னும் மூன்று முறை. மைசூர் கர்நாடகமாகப் பெயர் மாறிய பிறகு அந்தக் கோப்பை திரும்பி வர 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய மைசூர் அணிக்கு ஆட்டக்காரர்களைக் கொடுத்த நாற்றங்கால் பெரும்பாலும் பெங்களூர் கன்டோன்மென்ட்தான். பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. கெட்டிப்பட்ட செம்மண் தரையில் அங்கே பையன்கள் பந்து விளையாடிப் பழகினார்கள், செருப்பில்லாமல்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். லண்டனை ஒட்டிய இல்ஃபர்டில் உள்ள கிரிக்கில்ஃபீல்ட் மைதானத்தில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா ஆடியது. சுதந்திரம் அடைந்து ஓராண்டுகூட நிறையாத நாட்டின் முதல் சர்வதேச ஃபுட்பால் ஆட்டம் அது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். முதல் கோலைப் பிரான்ஸ் போட்டது. 70ஆவது நிமிடத்தில் மைசூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல். இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. அணித் தலைவர் தலிமெரென் ஆவ் நாகா மலைகளிலிருந்து வந்தவர், அப்போது கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மாணவர். பின்னால் டாக்டராகி நாகாலாந்துக்கே திரும்பியவர்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ஒரே தொனியில்தான் பேசுகிறார்கள்: பாவம், ஷூ வாங்கக் காசில்லாத நாடு, ஷூ இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. வெறுங்காலை ஒரு குறையாக மட்டும் பார்க்கும் பார்வை, அந்தக் கால்கள் இருபது வருடம் பழகிச் சேர்த்த ஒரு நுட்பத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அந்த நுட்பத்துக்கு இயற்பியலும் உண்டு, உடலியலும் உண்டு. அதற்கு எல்லைகளும் உண்டு. அந்த எல்லைகளைப் போட்டதும் இயற்பியல்தான்.

முதலில் அக்காலத்து பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இன்றைய ஷூ ஒன்று 200 கிராமை ஒட்டி இருக்கும். 1940களின் ஆங்கிலேய பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த தோலால் ஆனது. விரல் பக்கம் மரம்போல் இறுகிய மூடி. அடியில் தோலை அடுக்கி ஆணியடித்த குமிழ்கள். ஒரு காலுக்கு அரைக் கிலோவை ஒட்டி எடை, மழையில் நனைந்தால் இன்னும் அதிகம்.

அரைக் கிலோ பெரிதா என்று தோன்றும். இடுப்பில் கட்டிக்கொண்டால் பெரிதில்லைதான். ஆனால் பாதம் என்பது வீசும் தடியின் நுனி. நுனியில் ஏற்றும் எடைக்குத் தூரத்தின் வர்க்கம் பெருக்கல் கணக்காகச் சேரும். முழங்காலிலிருந்து பாதம் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அரைக் கிலோ பூட்ஸ் முழங்காலுக்குக் கீழான பகுதியின் சுழற்சித் தடையை ஏறத்தாழ கால் பங்கு கூட்டிவிடுகிறது. உரலில் குத்தும் உலக்கைக்கு நுனியில் இன்னொரு பூண் போட்ட மாதிரி. ஓடுவதற்கும் இதே வரிதான். ஒவ்வொரு பாதத்திலும் 100 கிராம் ஏறினால் ஓட்டத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் சுமார் 1 விழுக்காடு கூடுகிறது என்பது உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பலமுறை கண்ட கணக்கு. அரைக் கிலோவுக்கு 5 விழுக்காடு. ஆட்டம் முழுக்க அந்த வரியைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

சரி, எடை கூடினால் அடியும் பலமாகத்தானே விழும்? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. கனத்த கால் பந்துக்கு அதிக உந்தத்தைக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் கனத்த கால் மெதுவாகத்தான் வீசும். ஒன்று கூட்டுவதை மற்றது குறைத்துவிட, பந்தின் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இதைவிட வியப்பான ஒன்றை ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தில் எவால்ட் ஹென்னிக்கும் தோர்ஸ்டென் ஸ்டெர்ட்ஸிங்கும் அளந்து காட்டினார்கள். ஒரே ஆட்டக்காரரை ஷூவோடும் ஷூ இல்லாமலும் புறங்காலால் முழு வலுவோடு உதைக்கச் சொன்னார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு உதைத்த வெறுங்கால், பந்தைச் சற்றே கூடுதல் வேகத்தில் அனுப்பியது. ஷூவுக்குள் கால் முழுதாக நீளாது. அடிப்பகுதியின் விறைப்பு அதைத் தடுக்கிறது. வெறுங்கால் கணுக்காலிலிருந்து விரல்வரை ஒரே கோடாக நீண்டு இறுகிவிடுகிறது. பந்து மோதும் கணத்தில் அது தளராத ஒற்றை எலும்புபோல நிற்கிறது.

மோதும் கணம் என்றேன். அந்தக் கணத்தின் நீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 10 மில்லி விநாடி. நூறில் ஒரு பங்கு விநாடி. அதற்குள் பந்து ஒரு பக்கம் நசுங்கி, காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாண் தூரம் பயணம் செய்து, மீண்டும் உருண்டையாகிப் பிரிந்துவிடுகிறது. பந்தின் எடையை 430 கிராம் என்றும் கிளம்பும் வேகத்தை விநாடிக்கு 28 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்த 10 மில்லி விநாடியில் கால் தரும் சராசரி விசை 1,200 நியூட்டன். நூற்றிருபது கிலோ எடையை ஒரு நொடிப்பொழுது புறங்காலில் தூக்கி வைத்ததற்குச் சமம்.

இனி "காலுக்கே தெரிஞ்சிடும்" என்ற பையனிடம் திரும்பலாம். நம் பாதத் தோலுக்குள் தொடுவுணர்வுக்காக நான்கு வகை உணரிகள் இருக்கின்றன. நிலையான அழுத்தத்துக்கு ஒன்று, லேசான வருடலுக்கு ஒன்று, தோல் இழுபடுவதற்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று. பாதத்தில் எழும் செய்தி முதுகுத்தண்டு வழியாக ஏறி மூளைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 40 மில்லி விநாடி ஆகிறது. ஒன்றரை மீட்டர் நரம்புப் பாதை; அதற்கு இது நல்ல வேகம்தான். ஆனால் பந்து காலில் தங்குவது பத்தே மில்லி விநாடி. காலில் பந்து பட்ட செய்தி மூளைக்கு எட்டும்போது, முழு வேகத்தில் உதைத்த பந்து காலை விட்டுக் கிளம்பி முக்கால் மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் யோசித்தேன். அப்படியானால் உதைக்கும்போது காலுக்கு எதுவுமே "தெரிவதில்லை". நாம் உணரும் உதை எப்போதும் முடிந்துபோன உதை. பிறகு எதற்கு அந்த உணர்வு? அடுத்த உதைக்காக. மூளை ஒவ்வொரு முறையும், நான் எதிர்பார்த்த இடத்தில் பட்டதா, அரை விரல் தள்ளிப் பட்டதா என்று பழைய செய்தியைப் படித்து, அடுத்த வீச்சின் திட்டத்தை ஒரு மயிரிழை திருத்தி எழுதுகிறது. வீணை பழகுகிறவரின் விரலும் இப்படித்தான் கற்கிறது. லட்சக்கணக்கான தொடல்கள் சேர்ந்து ஒரு கால் உருவாகிறது. தடித்த தோல் பூட்ஸுக்குள் இருக்கும் காலுக்கும் இந்தச் செய்தி போகத்தான் செய்யும், ஆனால் மங்கலாக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதைப் போல. வெறுங்கால் ஒவ்வொரு தொடலையும் கூர்மையாக வாசிக்கிறது. கூர்மையாக வாசிக்கும் மாணவன் சீக்கிரம் கற்கிறான்.

பந்தை ஏந்துவதிலும் டிரிப்ளிங்கிலும் கதை வேறு. அங்கே வேகம் குறைவு, தொடல்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு தொடலின் செய்தி அடுத்த தொடலுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. பெங்களூரிலிருந்து 1948 ஒலிம்பிக் அணிக்குப் போன அகமது கான் இதில் மன்னர். எதிராளியின் கண்ணெதிரே பந்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டே நழுவிவிடும் அவரைப் பாம்பாட்டி என்றே அழைத்தார்கள். பின்னாளில் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடிய ஐவரில் அவரும் ஒருவர். அதே பெங்களூர்க்காரரான தன்ராஜ் இன்னொருவர்.

ஒரு சந்தேகம் எழலாம். வெறுங்காலில் நடந்து நடந்து தோல் காய்த்துப்போனால் உணர்ச்சி மங்கிவிடாதா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஹார்வர்டின் டேனியல் லீபர்மனும் அவருடைய குழுவினரும் கென்யாவில் செருப்பில்லாமல் நடப்பவர்களையும் செருப்புப் போட்டு நடப்பவர்களையும் ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ப்பு தடிப்பாக இருந்தாலும் நடக்கும்போது கிடைக்கும் தொடுவுணர்வு குறையவில்லை. காய்ப்பு இறுகியது, அதிர்வை மெத்தைபோல விழுங்காமல் உள்ளே இருக்கும் உணரிகளுக்கு அப்படியே கடத்திவிடுகிறது. கல்லும் முள்ளும் குத்தாத காவலும் கிடைக்கிறது, தரையின் சேதியும் தவறாமல் வருகிறது. வயல் வரப்பில் வெறுங்காலோடு இருட்டில் நடந்துபோகும் நம் பாட்டன்மாருக்கு எந்த ஆய்வும் இதைச் சொல்லவேண்டியிருந்திருக்காது.

பந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆதியில் அது பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, மேலே தோல் போர்த்தியது. ஒவ்வொரு பன்றியின் பையும் ஒவ்வொரு வடிவம் என்பதால் பந்தும் பேரிக்காய்போல, முட்டைபோல, அன்றைக்கு வாய்த்தபடி இருக்கும். ரப்பரை வெப்பத்தாலும் கந்தகத்தாலும் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த பிறகுதான், 1860களில் ரப்பர் பை வந்து பந்து ஒழுங்கான உருண்டையானது. மேலே மட்டும் தோல் தொடர்ந்தது. அந்தத் தோல் நம் நாட்டில் வேறொரு சிக்கலையும் கிளப்பியது. 1891இல் டின்டேல் பிஸ்கோ என்னும் பாதிரியார் ஸ்ரீநகரில் தம் பள்ளிக்குப் பந்தைக் கொண்டுவந்தபோது, தோலைத் தொடமாட்டோம் என்று மாணவர்கள் மறுத்தார்கள். ஒரு பையனின் முகத்தில் பந்து பட்டுவிட, ஆட்டத்தை நிறுத்தி அவனை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய்க் கழுவியபிறகே ஆட்டம் தொடர்ந்தது. தீட்டு என்று ஒதுக்கிய தோலை அடுத்த இருபது வருடத்துக்குள் வெறும் பாதத்தால் வருடி ஆளக் கற்றது இந்த நாடு. என்னைக் கேட்டால், ஃபுட்பால் இங்கே செய்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று.

கல்லூரிகள்தான் வாசலாக இருந்தன. கல்கத்தாவின் ஹேர் பள்ளியில் படித்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி 1877இல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடும் மைதானத்தருகே உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பியதோடு இந்திய ஃபுட்பாலின் கதை தொடங்குகிறது என்பார்கள். பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக், அவருக்கும் அவர் தோழர்களுக்கும் ஆட்டத்தின் விதிகளைக் கற்றுக்கொடுத்தார். இங்கே தெற்கில் 1916இல் மைசூர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன்கீழ் இருந்தவை இரண்டே கல்லூரிகள்: பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி, மைசூரில் இந்த மகாராஜா கல்லூரி. விளையாட்டுத் திடல் இல்லாத கல்லூரி கல்லூரியே இல்லை என்று நினைத்த காலம் அது.

வெறுங்கால் ஆட்டத்தின் மகத்தான பருவம் 1911 ஜூலை. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் போட்டி. இந்தியர்கள் ஆடிய மோகன் பகான் அணியின் முதல் எதிரி ஒரு கல்லூரி அணிதான்: செயின்ட் சேவியர் கல்லூரியை ஜூலை 10ஆம் தேதி 3-0 என்று வென்றார்கள். பிறகு ரேஞ்சர்ஸ் 2-1. ரைபிள் பிரிகேட் 1-0. மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு அரையிறுதி 1-1 என்று முடிய, மறு ஆட்டத்தில் 3-0. ஜூலை 29, இறுதி ஆட்டம், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு. எதிரணி முதல் கோலைப் போட்டபிறகு ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இருபது நாளில் ஆறு ஆட்டம். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். வெள்ளைக்காரப் பட்டாளம் குறுக்கே நின்று பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்க, இவர்கள் தரையோடு தரையாக, காலோரம் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓடினார்கள். இரும்பு போன்ற விரல்மூடி உள்ளவன் விரலால் குத்தி அடிப்பான். விரலுக்குக் காவல் இல்லாதவன் புறங்காலால் தள்ளவும் பாதத்தின் உள்பக்கத்தால் தட்டவும் கற்றுக்கொள்வான். பூட்ஸ் இல்லாததே ஒரு பாணியை உண்டாக்கியது.

ஜூலையில் கல்கத்தா என்றால் மழைக்காலம். அங்கேதான் வெறுங்காலுக்குச் சோதனை. மைசூருவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். கல்கத்தாவில் அதைப்போல் இரண்டு மடங்கு. காய்ந்து இறுகிய தரையில் பூட்ஸின் குமிழ்கள் உள்ளே இறங்குவதில்லை. நான்கைந்து புள்ளிகள்மேல் நின்றுகொண்டு கனத்த மனிதன் வழுக்குகிறான். வெறுங்காலோ ஐந்து விரலையும் விரித்து, தரையின் மேடு பள்ளத்துக்கேற்ப வளைந்து, முழுப் பரப்பாலும் பற்றிக்கொள்கிறது. மழை பெய்ததும் எல்லாம் தலைகீழாகிறது. குமிழ்கள் சேற்றைக் குத்தி இறங்கி நங்கூரமிடுகின்றன. பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து, வெறுங்கால் எண்ணெய் தடவிய தரையில் நிற்பதுபோல் ஆகிறது. தோல் பந்தும் நீரைக் குடித்துக் கனக்கிறது. 1937க்குப் பிறகு விதிப்படி ஆட்டத்தின் தொடக்கத்தில் பந்தின் எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது 396 முதல் 453 கிராம். தொடக்கத்தில் என்ற சொல்தான் முக்கியம். முடிவில் எவ்வளவு என்று விதி கவலைப்படவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறினாலே அது அரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதை வெறும் புறங்காலால் எழுபது எண்பது தடவை உதைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இடையில் இன்னொரு பக்கம் திரும்ப அனுமதியுங்கள். ராமன்களும் அகமது கான்களும் பந்தை வளைத்து அனுப்பியபோது காற்றில் என்ன நடந்தது என்பதை முதன்முதலில் சோதனை செய்து பார்த்த மனிதர் தமிழ் மண்ணில் இறந்தார். பெஞ்சமின் ராபின்ஸ். ஆங்கிலேயக் கணித அறிஞர், பீரங்கி நிபுணர். துப்பாக்கிக் குண்டு ஏன் நேர்கோட்டை விட்டு விலகுகிறது என்று குழம்பிய அவர், துப்பாக்கிக் குழாயின் நுனியை இடதுபக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடது பக்கம் கிளம்பியது. போகப்போக வலது பக்கம் வளைந்தது. குழாயின் ஒரு சுவரை உரசிக்கொண்டு வந்ததால் குண்டு சுழன்றது, சுழற்சிதான் அதை வளைத்தது என்று 1742இல் எழுதினார். எழுபது ஆண்டுக்கு முன்பே நியூட்டன் டென்னிஸ் பந்தில் இதைக் கவனித்துக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். 1852இல் ஜெர்மனியின் மாக்னஸ் மறுபடி ஆராய, பெயர் அவருக்கே போய்விட்டது. ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, காய்ச்சல் கண்டு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29ஆம் தேதி இறந்தார். மோகன் பகான் ஷீல்டை வென்ற அதே தேதி, 160 ஆண்டு முன்னால். கடலூர் போகும்போதெல்லாம் கெடிலம் கடலில் சேரும் அந்த இடத்தில் நின்றுவிட்டு வருவது என் வழக்கம்.

சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றையும் சேர்த்து இழுத்துச் சுற்றுகிறது. பந்துக்குப் பின்னால் பிரியும் காற்றோடை அதனால் ஒரு பக்கமாகத் திருப்பப்படுகிறது. பந்து காற்றை இடப்பக்கம் தள்ளினால், காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். விநாடிக்கு எட்டுப் பத்துச் சுற்று சுழலும் பந்து முப்பது மீட்டர் தூரத்தில் தன் பாதையைவிட்டு நான்கு மீட்டர் வரை விலகக்கூடும். 1997 ஜூன் 3ஆம் தேதி லியோன் நகரில் பிரான்ஸுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக், 35 மீட்டர் தூரத்தைக் கடந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே திரும்பியது இந்தக் கணக்கில்தான். மைசூரு கடல்மட்டத்திலிருந்து 760 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னைக் கடற்கரையைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 7 விழுக்காடு குறைவு. இங்கே பந்து சற்றுத் தூரம் போகும், சற்றுக் குறைவாக வளையும். மேட்டுநிலத்தில் பழகிய கால் கீழே இறங்கி ஆடினால் இந்த ஏழு விழுக்காட்டையும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்.

பந்தைச் சுழற்றுவது உராய்வுதான் என்று நானும் நினைத்திருந்தேன். உலர்ந்த தோலும் உலர்ந்த பாதமும் நன்றாகப் பற்றும், மழை அதைக் கெடுக்கும் என்று. ஜப்பானின் தகேஷி அசாய் இங்கிலாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 2002இல் கணினியில் பாவித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. உராய்வே இல்லை என்று வைத்தால்கூட பந்து சுழன்றது! காரணம், மோதும்போது பந்து நசுங்கிப் பாதத்தைச் சுற்றிக் கவிகிறது; மையத்தை விட்டு எவ்வளவு தள்ளி அடிக்கிறோம் என்பதுதான் பெரிய காரணி. அப்படியானால் வெறுங்காலின் வித்தை பிசுபிசுப்பில் இல்லை. மையத்திலிருந்து சரியாக இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படவைக்கும் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவை முன்னால் சொன்ன தொடுவுணரிகள். நூல் சுற்றிவந்து அதே முடிச்சில் சேர்கிறது.

வெறுங்கால் யுகம் முடிந்த இடம் ஹெல்சிங்கி. 1951 மார்ச்சில் டெல்லியின் உலர்ந்த தரையில் ஈரானை 1-0 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய அணி, 1952 ஜூலை 15ஆம் தேதி ஃபின்லாந்தின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் அகமது கான். எல்லாப் பழியும் வெறுங்கால்மீது விழுந்தது. அது நியாயமில்லை; யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணி, எந்தக் காலுக்கும் அது கஷ்டமான எதிரிதான். ஆனாலும் குளிர் ஒரு பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைய, நரம்பில் செய்தி ஓடும் வேகம் விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் குறைகிறது. உணரிகள் மரத்துப்போகின்றன. பூட்ஸுக்குள் இருக்கும் கால் எப்போதும் மங்கலாகக் கேட்டுப் பழகியது. திடீரென்று காதை இழந்தவை நம் கால்கள்தான். இருபது வருடம் சேர்த்த நுட்பம் எந்தப் புலனை நம்பி நின்றதோ, அந்தப் புலனையே குளிர் அணைத்துவிட்டது. அதன்பிறகு இந்திய ஃபுட்பால் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நான்கே வருடத்தில், மெல்பர்ன் ஒலிம்பிக்கில் பூட்ஸ் போட்ட இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பிடித்தது. வெறுங்காலில் எழுதப் பழகிய கை பூட்ஸிலும் அழகாக எழுதியது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

மகாராஜா கல்லூரி மைதானத்தில் வெயில் ஏறிவிட்டது. வட்டத்தில் இருந்த பையன்களில் இருவர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒல்லிப் பையன் இருபது அடி தள்ளி நின்று பந்தை என் பக்கம் உருட்டி, "ஒரு தடவை அடிங்க சார்" என்றான். நான் செருப்பைக் கழற்றினேன். ஈரப் புல் உள்ளங்காலில் சில்லென்றது. இரண்டடி பின்னால் போய் ஓடிவந்து புறங்காலால் உதைத்தேன்.

எல்லாம் வரிசையாக நடந்தது. பந்து போய்விட்டது. போனபிறகு, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான ஓர் இடைவெளியில், பந்து பட்டது தெரிந்தது. அடுத்து சுளீர் என்ற வலி. அதைக் கொண்டுவரும் நரம்பு தொடுவுணர்வின் நரம்பைவிட மெதுவானது. கடைசியாக, விநாடிக்கு ஒரு மீட்டர் என்று நடந்து வரும் மெல்லிய நரம்புகளில், ஒரு பெருமூச்சு நேரம் கழித்து, மந்தமான எரிச்சல் மேலே ஏறி வந்தது. அது வந்து சேர்ந்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபது அடி தள்ளி, பையனின் புறங்காலில் பந்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.